தெருமுனை மாரியம்மா

உள்ள வாங்க சார். செருப்ப வெளியவே விட்டுடுங்க, மாவு அரைக்கிற இடம், தரையெல்லாம் ஈரமா கெடக்குது. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. நகராட்சியிலேர்ந்துன்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு. வடிகால் வாய அடைச்சு மேடை கட்டினது யாரு, அம்மன அங்க வச்சது யாரு, அதானே விசாரணை? கேளுங்க. தாராளமா கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. எங்க தெருவுக்குக் குப்பை வண்டி கடைசியா என்னைக்கு வந்துச்சு?

பாத்தீங்களா, முழிக்கிறீங்க. உங்க மேல கோவம் இல்ல தம்பி, நீங்க புதுசு போலருக்கு. ஆனா எல்லாம் அங்கேர்ந்துதான் ஆரம்பம். குப்பைய ஒழுங்கா அள்ளியிருந்தா இந்தப் பூங்காவனம் எதுக்கு வம்புக்குப் போறா? எனக்கென்ன வேற வேலை இல்லையா? விடியக்காலம் எழுந்து அரிசி உளுந்து அரைச்சு, மாவு பாக்கெட் போட்டு, கடை கடையாக் குடுத்துட்டு வந்தாதான் எனக்கு சோறு.

முன்னாடி என் வாசலுக்கு எதிர்ல, தெருமுனையில ஒரு குப்பைத் தொட்டி இருந்துச்சு. பச்சைக் கலர்ல, சக்கரம் வச்சது. நாறும்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நாத்தம் ஒரு இடத்துல நிக்கும். திடீர்னு ஒரு நாள் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னய்யான்னா, தொட்டி இல்லாத நகரமாம். இனிமே வீட்டு வாசலுக்கே வண்டி வரும், பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்கன்னாங்க. நானும் ரெண்டு பக்கெட் வாங்கிப் பிரிச்சேன். வண்டி கொஞ்ச நாள் வந்துச்சு, பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு. அப்புறம் வண்டி ரிப்பேர்னாங்க. அப்புறம் ஆள் இல்லேன்னாங்க. அப்புறம் பெரிய ரோட்டுல பாட்டு மட்டும் கேக்கும், வண்டி உள்ள வராது. சனம் என்ன பண்ணும்? தொட்டி இருந்த இடத்துலயே கொண்டாந்து கொட்டுச்சு. தொட்டி போனா என்ன, இடம் இருக்குதே!

கோழி இறகு, பேம்பர்ஸ், மீன் செதிலு, கல்யாண வீட்டு எச்சில் இலை. நான் மாவு விக்கிறவ சார். வாசல்ல ஈ மொய்ச்சா எவன் என்கிட்ட வாங்குவான்? மனு குடுத்தேன். ஆபீசுக்கு நடையா நடந்தேன். செல்லுல போட்டோ புடிச்சுப் போடுங்க, உடனே நடவடிக்கைன்னாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது, மெகருதான் போட்டுக் குடுத்தா. மறுநாளே மெசேஜ் வந்துச்சு, தங்கள் புகார் தீர்க்கப்பட்டதுன்னு. கூடவே ஒரு போட்டோ, பளிச்சுன்னு பெருக்கின தெரு. எங்க தெருவே இல்ல அது! அதுல ஒரு தண்ணி டேங்க் நிக்குது. எங்க தெருவுல ஏது டேங்க்? நானும் மெகருவும் அதப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

மெகருன்னா மெகருன்னிசா. அந்த முனையில பக்கவாட்டுல ஒரு சந்து இறங்குது பாருங்க, அதுல முதல் வீடு. இப்ப பூட்டிக் கெடக்குது. அவ வீட்டுக்காரர் ஜக்கரியா பாய் டெய்லரு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டில்லயே ஆயிட்டாரு. அப்புறம் இவதான் மிஷின் மிதிச்சுக் குடும்பத்த ஓட்டினா. ரோட்டு மேல ரோடு, ரோட்டு மேல ரோடுன்னு நீங்க போட்டதுல அவ வீடு பள்ளமாயிடுச்சு. அதுவும் உங்க ஆபீஸ் வேலைதான், அதையும் எழுதிக்குங்க.

எங்க வீட்டுக்காரர் போனப்போ என் கூட வந்து உக்காந்தவ அவ ஒருத்திதான். மத்தவளுங்க எல்லாம் பதினாறாம் நாளோட சரி. கூடப் பொறந்தவகூட அப்படி இருக்க மாட்டா. அத மட்டும் நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

சரி, பேனாவ மூடுங்க. இனிமே சொல்றத எழுதக் கூடாது. மூடுங்க சார். மூடினாதான் சொல்லுவேன்.

அந்த அம்மன் இருக்கே, அது என் ஆட்டுக்கல்லுக் குழவி.

ஏன் சார் சிரிக்கிறீங்க? சிரிக்காதீங்க. கிரைண்டர் வாங்கினதும் பழைய ஆட்டுக்கல்லு கொல்லையில சும்மா கெடந்துச்சு. ஒரு நாள் விடியக்காலம் வாசல் தெளிக்கப் போறேன், எவனோ செத்த பெருச்சாளிய என் கோலத்து மேலயே வீசிட்டுப் போயிருக்கான். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. நேரா கொல்லைக்குப் போயி குழவிய உருட்டினேன், தூக்க முடியல. மெகருவக் கூப்பிட்டேன். என்னக்கா இது காலங்காத்தாலன்னா. சாமி வைக்கப் போறேன்டி, அப்பதான் இந்தக் கழிசடைங்க கொட்டாதுங்கன்னேன். அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. கல்லுதானேக்கா, வாங்க தூக்கலாம்னு சாக்குல ஒரு பக்கம் புடிச்சா. குப்பைய ஒதுக்கிட்டு, வடிகாலுக்குச் சல்லடை மூடி போட்டிருக்குமில்ல, அதுக்குப் பக்கத்துல நட்டு வச்சோம். மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, வேப்பிலை சொருகினேன். மொட்டையா இருக்குதேக்கான்னு சொல்லிட்டுப் போனவ, ஒரு ஜாக்கெட் பிட்டுல சின்னதா ஒரு சிவப்புப் பாவாடை தைச்சுக் கொண்டாந்தா. பார்டரெல்லாம் வச்சு! பாய்க்குத் தெரிய வேணாம்கான்னா. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம் அது. இன்னைக்கு உங்களுக்கும்.

அன்னைலேர்ந்து ஒரு கவர் விழல சார். ஒரே ஒரு கவர்! ஆபீசுக்கு நடந்து என் கால் தேஞ்சதுக்கு நடக்காத காரியம், ஒரு குழவியால நடந்துச்சு. குப்பை எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? போகாம எங்க போகும், சந்துக்குள்ள போச்சு. மெகரு வாசலுக்கு. அவ அதுக்கும் சிரிச்சா. அக்கா, எனக்கும் ஒரு குழவி இருந்தா குடுங்களேன், ஆனா நான் வச்சா எவன் கும்பிடுவான்னா. நல்ல மனசு அவளுக்கு.

உங்க ஆளுங்களுக்கும் நிம்மதி. சானிட்டரி மேஸ்திரியே வந்து கன்னத்துல போட்டுக்கிட்டாரு. இந்த முனை கிளீன் ஆயிடுச்சும்மான்னு சந்தோஷமாப் போனாரு. அதோட வண்டி சுத்தமா நின்னுபோச்சு. குப்பையே இல்ல, எதுக்கு வரணும்?

அப்புறம் யார் யாரோ விளக்கேத்த ஆரம்பிச்சாங்க. ஒருத்திக்குக் குழந்தை தங்குச்சு. ஒருத்தன் விசா கெடைச்சுதுன்னு மணி வாங்கிக் கட்டினான். ஆட்டோ ஸ்டாண்டு கஜபதி இருக்கானே, அவன்தான் வசூல் பண்ணி மேடை கட்டினது. அத எழுதிக்குங்க, கஜபதி. தகரக் கொட்டாயும் அவன்தான். சல்லடை மூடி மேலயே கட்டறான்னு மெகரு ஓடியாந்து சொன்னா, அக்கா தண்ணி போற வழிக்கா அதுன்னு. இத்தன வருஷமா குப்பை அடைச்சுக்கிட்டு எந்தத் தண்ணிடி போச்சுன்னேன். இருந்தாலும் கஜபதிகிட்ட சொன்னேன். சொல்லலன்னு யாரும் சொல்லக் கூடாது. அவனும் ஒரு கை போற அளவுக்கு ஓட்டை விட்டான்.

பூஜைக்கு யாருன்னு பேச்சு வந்தப்போ எல்லாரும் என்னைக் கைய காட்டினாங்க. தினம் விளக்கு போடறது பூங்காவனம்தானே, அதுவே பாக்கட்டும்னாங்க.

அது உங்களுக்குப் புரியாது தம்பி. தாலி அறுத்தவ எதிர்ல வந்தா மூஞ்சிய திருப்பிக்கிட்டு, ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போன தெரு இது. வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் மூலையில உக்கார வச்சு சோறு போட்டு அனுப்புவாங்க. அதே தெரு வரிசையில நின்னு என் கையால குங்குமம் வாங்குச்சு. அம்மா, அம்மான்னு புள்ளைங்கள என் கால்ல போட்டாங்க. ஆடி மாசம் எனக்கு அருள் வந்துச்சு. நிஜமாவே வந்துச்சு சார், நடிப்பு இல்ல. நான் நட்டது குழவிதான், ஒத்துக்கறேன். ஆனா அதுல வந்து உக்காந்தது யாரு? உக்காரலன்னா எப்படி இத்தன பேருக்கு நடக்கும்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.

மோர் குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

புயல் வந்தது உங்களுக்கே தெரியும். காத்து அடிச்சுதே, ஐயோ! எதிர்வீட்டுப் பூவரச மரம் வேரோட சாஞ்சு கரண்டு கம்பியெல்லாம் அறுந்து தொங்குச்சு. என் கொல்லைத் தகரம் பறந்து எங்கயோ போச்சு. காத்து நின்ன பிறகு மழை. விடிஞ்சு பாத்தா தெரு பூரா தண்ணி. அள்ளாத குப்பை எல்லாம் மெதந்து மெதந்து வந்து மேடைக்கிட்ட ஒண்ணா சேந்து, கஜபதி விட்ட ஓட்டையில அடைச்சுக்கிச்சு. தண்ணி போக வழியில்ல. எல்லாம் திரும்பிச் சந்துக்குள்ள எறங்குது. எனக்கு ஒண்ணும் இல்ல, என் வீட்டுக்குப் படி இருக்குது. முதல் படி நனைஞ்சுது, அவ்ளோதான்.

காலையிலேர்ந்து உங்க ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டு ஓஞ்சாங்க. ஒருத்தர் எடுத்தாரு, மரம் விழுந்த புகாருக்கு வேற நம்பர்னாரு. அந்த நம்பர்ல எடுத்தவர், தண்ணி நிக்கிறது எங்க வேலை இல்லேன்னாரு. மத்தியானம் ஒரு வழியா ஜேசிபி வந்துச்சு. கூட ஒரு இன்ஜினியர் பொண்ணு, மழைக்கோட்டு போட்டுக்கிட்டு, முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்கி வந்துச்சு. பாத்ததும் சொல்லிடுச்சு, மேடைய ஒடைச்சாதான் தண்ணி எறங்கும், பத்து நிமிஷ வேலைன்னு.

அவ்ளோதான், கூட்டம் கூடிடுச்சு. கஜபதி குடைய புடிச்சுக்கிட்டுக் கற்பூரம் கொளுத்தறான். அம்மன் மேல மண்வெட்டி பட்டா பொணம் விழும்னு கத்தறான். ஜேசிபி டிரைவர் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்கிட்டான். நான் புள்ளகுட்டிக்காரன் மேடம், என்னால ஆவாதுன்னு தலைக்கு மேல கும்பிடு போட்டான். அந்தப் பொண்ணு கெஞ்சுது. சிலைய பத்திரமா எடுத்து வச்சுட்டு, ஒடைச்சு, தண்ணி வடிஞ்சதும் திரும்ப வச்சுடலாம், யாராவது பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுது. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. பூசாரியம்மா சொல்லட்டும், பூசாரியம்மா சொன்னா சரின்னாங்க.

அப்பதான் மெகரு சந்துலேர்ந்து வந்தா. இடுப்புக்கு மேல நனைஞ்சு, தலையில முந்தானை ஒட்டிக்கிட்டு. பாய் கட்டிலுக்கு அடியில செங்கல்லு வச்சு வச்சு ஒசத்தியிருக்கா. இனிமே வைக்கச் செங்கல்லு இல்ல. அக்கா, மெத்தை நனைஞ்சுடுச்சுக்கா, தண்ணி ஏறிக்கிட்டே இருக்குது, சொல்லுங்கக்கான்னா. அவ்ளோதான் சொன்னா. கல்லுக்கிட்ட வரல. மேடையத் தொடல. ரெண்டு அடி தள்ளியே நின்னா. அவ கைய வச்சா அது வேற கதையாயிடும்னு அவளுக்கும் தெரியும், அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். இது உங்க வீட்டுக் குழவிதானேக்கான்னு அவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

நான் சொல்லணும்னுதான் சார் நெனச்சேன். சத்தியமா! என் கிரைண்டர் மேல அடிச்சு சொல்றேன், எனக்குச் சோறு போடறது அது. ஆனா எப்படிச் சொல்றது? இது என் ஆட்டுக்கல்லு குழவின்னா கஜபதி என்னை அங்கயே பொலி போட்டுடுவான். விசாக்காரன் விடுவானா, புள்ளை பெத்தவ விடுவாளா? அதனால ஒரு யோசனை பண்ணேன். நானா சொல்ல வேணாம், அம்மாவே சொல்லட்டும். அருள் வந்த மாதிரி ஆடி, எனக்கு இந்த இடம் வேணாம்டா, வழிய விடுங்கடா, நான் தண்ணியோட போறேன்னு சொல்லிட்டா ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான். நல்ல யோசனைதானே? நல்லதுக்குத்தானே? வார்த்தையெல்லாம் நாக்கு நுனியில ரெடியா வச்சுக்கிட்டு முடிய அவுத்து விட்டேன்.

ஆடினேன். தண்ணியில ஆடினேன். உடுக்கை இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் அம்மா தாயேன்னு அந்தச் சாக்கடைத் தண்ணியிலயே மண்டி போட்டாங்க. அன்னைக்கு வளைகாப்புல என்னை மூலையில உக்கார வச்சவ, அவதான் முதல்ல விழுந்தா. கஜபதி கைகட்டி, சொல்லு தாயி, என்ன வேணும் சொல்லுன்னு நிக்கிறான். வாயத் தொறந்தேன்.

ஏய், என் எடத்துல எவன்டா கை வைக்கிறது!

அதான் வந்துச்சு. நான் நெனச்சது ஒண்ணு, வந்தது அது. என்னைத் தொட்டவன் குலம் வெளங்காது, நான் இங்கயேதான் இருப்பேன், என்னை யாரும் இனிமே அசைக்க முடியாதுன்னு என்னென்னமோ வந்துச்சு. தொண்டை என்னோடதுதான், குரலு என்னோடது இல்ல சார். கேட்டவங்களக் கேட்டுப் பாருங்க.

ஜேசிபி அப்படியே பின்னாடி போயிடுச்சு. அந்த இன்ஜினியர் பொண்ணு அழுதுது. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது, சாமி மலை ஏறினா ஆளு மயங்கிடுவாங்க இல்ல, தூக்கிட்டு வந்து இந்தத் திட்டுலதான் படுக்க வச்சாங்க. அந்தப் பொண்ணும் துப்புரவு பண்றவங்க ரெண்டு பேரும் சந்துக்குள்ள போயி, ரூம் கதவக் கழட்டி, அதுல பாயப் படுக்க வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. பாயோட ஒரு கால் கதவுக்கு வெளிய தொங்குச்சு. நீல சாக்ஸ் போட்டு விட்டிருந்தா. மெகரு அந்தக் காலப் புடிச்சு உள்ள எடுத்து வச்சுக்கிட்டே பின்னாடி போனா. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? யாராவது சொல்லியிருப்பாங்க. தெருவுல பேசிக்கிட்டாங்க.

பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். மூச்சு விட முடியாம இழுத்துக்கிட்டே கெடந்து, முடிஞ்சுபோச்சு. ஏற்கெனவே படுத்த உடம்பு சார் அது. புயல் இல்லேன்னாலும் எத்தன நாளு தாங்கியிருக்கும்? டாக்டரே சொன்னதா சொல்றாங்க. பாய் அடக்கத்துக்கு நான் போகல. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு பூஜை, விட்டுட்டுப் போக முடியல.

இப்ப அவ நெல்லிக்குப்பத்துல தங்கச்சி வீட்டுல இருக்கா. இத்தா இருக்கா, புருஷன் போனா அவங்கள்ல நாலு மாசம் அப்படி, வெளிய வர மாட்டா. விசாரணை வருதுன்னு கஜபதி சொன்னதும் நான்தான் பஸ் புடிச்சுப் போனேன். அவளையும் வந்து கேப்பாங்க, என்ன சொல்லுவான்னு தெரிஞ்சுக்கணும் இல்ல? தப்பா ஒண்ணு சொல்லி வம்பாயிடக் கூடாது, அவளுக்கும்தான் நல்லதில்ல.

உள் ரூம்ல வெள்ளைச் சேலையில உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து வந்து கைய புடிச்சுக்கிட்டா. நான் திட்டுவான்னு நெனச்சுதான் போனேன். நாலு வார்த்தை திட்டினா வாங்கிக்கிட்டு வந்துடலாம்னு இருந்தேன். திட்டல. சாப்பிட்டீங்களாக்கான்னா. மாவு வியாபாரம் எப்படிப் போகுதுன்னா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா.

அக்கா, அன்னைக்கு உங்க மேல வந்தது நெஜமாவே சாமியாக்கா?

ஆமாடி, அம்மாதான்டின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அம்மாதானே?

அவ பெருசா ஒரு மூச்சு விட்டா. அப்ப சரிக்கா, நீங்களா இருந்துடக் கூடாதேன்னுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கிட்டிருந்தேன்னா. யாரு வந்து கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடறேன், நீங்க பயப்படாமப் போங்கன்னா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சேன்னு டீ போட்டுக் குடுக்கச் சொன்னா.

அவளே நம்பிட்டா சார். நீங்க எதுக்கு என்னை அப்படிப் பாக்கறீங்க?